கைக்காசில் ஒரு தேனிலவு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். இருவருக்கும் மாதச் சம்பளம். ஊர் சுற்றக் கடன் வாங்குவதில்லை என்பது கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம். 2023 தையில் கல்யாணம், மாசியில் மாலைதீவு. அடுத்த வருடம் சிங்கப்பூரும் மலேசியாவும், 2025இல் பாங்கொக். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று தொடங்கிவிடுகிறார். ஆளாளுக்குக் குரல்பதிவு அனுப்பிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதி வைத்தேன்.

மொத்தமாக எவ்வளவு முடிந்தது?

மாலைதீவில் நான்கு இரவுகள். விமான டிக்கட் உட்பட இருவருக்கும் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபா. 2021இல் எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது டொலர் 200 ரூபா. 2022இல் நாடு பட்ட பாட்டில் அது 360ஐ எட்டியது. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு கண் முன்னால் கரைந்தது. சுவிஸ் என்று தொடங்கிய கதை மாலைதீவில் வந்து நின்றதற்கு அதுதான் காரணம். காதல் காரணம் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டில் மிச்சம் பிடித்தோம். உள்ளூர்ப் போக்குவரத்தில் மிச்சம் பிடித்தோம். முதல் இரவில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. சிரிக்க வேண்டாம், விமானத்தால் இறங்குகிற நாளின் இரவைச் சொல்கிறேன். ஏன் என்பது சிங்கப்பூர்க் கதையில் வரும்.

வீட்டில் "நுவரெலியா போதாதா?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

போதும். நானும் மறுக்கவில்லை. மலைநாட்டு ரயிலில் யன்னலோரம் இருந்தால் பாதி தேனிலவு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் சித்திரை சீசனில் நுவரெலியாவில் அறை கேட்டுப் பாருங்கள். அந்த விலைக்கு மாலைதீவின் தலைநகர் மாலேக்குப் போகும் டிக்கட்டில் ஒரு பங்கு வந்துவிடும். அதோடு, உள்ளூரில் எங்கே போனாலும் அங்கே ஒரு சித்தப்பா இருப்பார். "எங்கள் வீட்டில் தங்காமல் ஹோட்டலிலா?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு வீசா அலைச்சல் இல்லாமல் எங்கே போகலாம்?

நினைப்பதைவிடக் கூடுதலான இடங்களுக்குப் போகலாம். சிங்கப்பூருக்கு முன்கூட்டி வீசா வேண்டாம். மாலைதீவில் இறங்கியதும் 30 நாள் அனுமதி, கட்டணம் இல்லை. தாய்லாந்து 2024 ஜூலையில் வீசா விலக்குப் பட்டியலை நீட்டியபோது நாங்களும் அதில் வந்தோம். நேபாளத்தில் சார்க் நாட்டவருக்கு வருடத்தின் முதல் 30 நாள் வீசா இலவசம். வியட்னாமுக்கு இணையத்திலேயே எடுக்கலாம், ஒருமுறை நுழைய 25 டொலர். மலேசியாவுக்கும் இணைய வீசா வேண்டும். "சிங்கப்பூருக்கு வேண்டாம்தானே, பாலத்தைத் தாண்டினால் மலேசியாதானே" என்று நினைத்துப் புறப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஐரோப்பாவின் ஷெங்கன் வீசா 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ, மறுத்தாலும் அந்தக் காசு திரும்ப வராது. எங்கள் சுவிஸ் கனவு இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இந்த விதிகள் அடிக்கடி மாறும். டிக்கட்டுக்குக் காசு கட்டும் அன்றைக்கே அந்தந்த நாட்டின் குடிவரவுத் தளத்தைப் பாருங்கள். மச்சான் போன வருடம் போய்வந்த கதையை நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

இன்னொன்று. சிங்கப்பூர், தாய்லாந்து இரண்டுக்கும் போய்ச் சேர முன்பான மூன்று நாட்களுக்குள் இணைய வருகை அட்டை நிரப்ப வேண்டும். மாலைதீவுக்கும் அப்படி ஒன்று உண்டு, அதற்கு 96 மணித்தியால அவகாசம். மூன்றும் இலவசம். தேடும்போது முதலில் வந்து நிற்கும் தளம் காசு கேட்டால் மூடிவிடுங்கள், அது அரசாங்கத்தின் தளம் அல்ல.

கடவுச்சீட்டில் என் பெயரோடு அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் மாற்ற வேண்டுமா?

பயணத்துக்காக மாற்றத் தேவையில்லை. என்னுடையதில் இன்றைக்கும் அப்பாதான் இருக்கிறார், எந்த நாட்டிலும் யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பதிவுச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியொன்றைக் கைப்பையில் வைத்திருந்தோம், வெளியில் எடுக்கவே வரவில்லை.

பிரச்சினை டிக்கட்டில்தான் வரும். நம் பெயர்களில் முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று நமக்கே குழப்பம். கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும், அதைப் பாருங்கள். அதில் எந்த எழுத்து எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அதுதான் டிக்கட்டிலும் இருக்க வேண்டும். எங்களுக்கு டிக்கட் போட்டுத் தந்த முகவர் என் கணவருடைய பெயரில் 'H' எழுத்து ஒன்றை விழுங்கிவிட்டார். திருத்துவதற்குக் கேட்ட காசில் ஒரு நாள் சாப்பாடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு டிக்கட் நான்தான் போடுகிறேன்.

மாலைதீவு பணக்காரர்களின் இடம் அல்லவா?

விளம்பரத்தில் வரும் தண்ணீர்மேல் வீடுகள் பணக்காரருக்கானவைதான். ஆனால் சனங்கள் குடியிருக்கும் தீவுகளில் சின்ன விருந்தினர் விடுதிகள் உண்டு. நாங்கள் மாஃபுஷி தீவில் நின்றோம். அறைக்கு இரவு 60 டொலர், காலைச் சாப்பாடு உள்ளடக்கம். அதே கடல், அதே நீலம். அந்தத் தீவில்தான் அந்த நாட்டுச் சிறைச்சாலையும் இருக்கிறது. ஹனிமூனுக்குச் சிறைக்குப் போன ஒரே சோடி நாங்கள்தான் என்று இவருடைய அலுவலகத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு அரச படகில் ஒன்றரை மணித்தியாலம், கட்டணம் நம் ஊர் பஸ் காசு போலத்தான். வேகப்படகு அரை மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் ஆளுக்கு இருபது டொலருக்கு மேல். வெள்ளிக்கிழமை அரச படகு ஓடாது. இதைத் தெரியாமல் வெள்ளியன்று இறங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் வேகப்படகுக்குப் போய்விடும். நாங்கள் செவ்வாயில் போனோம். கெட்டித்தனத்தால் அல்ல, செவ்வாய் டிக்கட்தான் மலிவாக இருந்தது. "செவ்வாயில் யாராவது பயணம் புறப்படுவார்களா?" என்று மாமி இரண்டு நாள் கதைக்கவில்லை.

சில கட்டுப்பாடுகள் உண்டு. சனம் குடியிருக்கும் தீவுகளில் மதுபானம் இல்லை, நாட்டுக்குள் கொண்டு போகவும் முடியாது. நீச்சலுடைக்கு என்று தனியாக ஒரு கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மற்றக் கரைகளில் உடம்பை மூடியபடிதான் குளிக்கலாம். நம் பெண்கள் பலருக்கு அதுவே வசதி. வழிபாட்டுச் சிலைகளும் தடை. கல்யாணத்துக்கு வந்த குட்டிப் பிள்ளையாரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம், அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

பச்சை வரி என்று ஒன்றை விடுதிக் கணக்கில் சேர்ப்பார்கள். நாங்கள் போனபோது சின்ன விடுதிகளில் ஆளுக்கு ஒரு இரவு 3 டொலர். 2025 தொடக்கத்திலிருந்து 6. அறை விலையைப் பார்த்து மட்டும் கணக்குப் போட்டால் கடைசி நாளில் முகம் வாடும்: இருவருக்கு நான்கு இரவு என்றால் 48 டொலர்.

காலையில் தந்தது மஸ் ஹுனி: மாசிக் கருவாடு போல் பதப்படுத்திய சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், கொச்சிக்காய், கூடவே மெல்லிய ரொட்டி. வாயில் வைத்ததும் இவர் "இது எங்கட சம்பல்தானே" என்றார். மாசிக் கருவாடு எங்கிருந்து நம் அடுப்படிக்கு வருகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: மார்கழி கடைசியிலிருந்து சித்திரை வரை. கொழும்பை நனைக்கிற தென்மேல் பருவமழை அங்கேயும் நனைக்கும். வைகாசியில் விலை இறங்குவது அதனால்தான்.

தாலிக்கொடியோடு போகலாமா?

வேண்டாம். பதினொரு பவுண் என்றால் 88 கிராம், கடலில் நீந்தும்போது கழுத்தில் கல்லுக் கட்டியது போல் இருக்கும். களவு, தொலைவு, திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம் சொல்வது எல்லாம் வேறு. நான் மெல்லிய சங்கிலி ஒன்றோடு போனேன். கொடியை மாமியிடம் கொடுத்தபோது முகம் ஒருமாதிரித்தான் இருந்தது. "நீங்களே பத்திரமாக வைத்திருங்கோ மாமி, உங்களை விட்டால் ஆரிட்டக் குடுக்கிறது" என்றதும் சரியாகிவிட்டது. அது உண்மையும்கூட.

சிங்கப்பூர் கட்டுப்படியாகுமா?

அறை கட்டுப்படியாகாது, மற்றதெல்லாம் கட்டுப்படியாகும். தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் சில சிங்கப்பூர் டொலருக்கு வயிறு நிறையும். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், போத்தலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம், ஆளுக்கொரு அட்டை வேண்டும். கரையோரப் பூங்காவின் (Gardens by the Bay) இராட்சதச் செயற்கை மரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளியும் இசையும் நடக்கும், காசில்லை. புல்லில் மல்லாந்து கிடந்து பார்த்தோம். பயணத்திலேயே எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அந்தப் புல்தரைதான். சிலோன் வீதியில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது, அந்தக் காலத்தில் இங்கிருந்து போன நம் ஆட்கள் எழுப்பியது. அங்கே திருநீறு வாங்கியபோது ஊருக்குள் நிற்பது போல இருந்தது.

இனி அந்த முதல் இரவு. மலிவு என்று நடுச்சாம விமானத்தைப் பிடித்தோம். நான்கு மணித்தியாலப் பறப்பு, நேர வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். விடிகிற நேரத்தில் இறங்கியாயிற்று. அறை தருவது பின்னேரம் மூன்று மணிக்கு. பெட்டியை மட்டும் வாங்கி வைத்தார்கள். நித்திரை இல்லை, குளிப்பு இல்லை, அந்தப் புழுக்கத்தில் எட்டு மணித்தியாலம் வீதி வீதியாக அலைந்தோம். மத்தியானம் ஒரு தேத்தண்ணிக் கடையில், தேத்தண்ணிக்குச் சீனி போதவில்லை என்பதற்காக, கல்யாணத்துக்குப் பிறகான முதல் பெரிய சண்டை. டிக்கட்டில் மிச்சம் பிடித்தது இருவருக்குமாகப் பன்னிரண்டாயிரம் ரூபா. அன்று பின்னேரம் அறைக்குப் போனதும் படுத்தவர்கள் மறுநாள் காலையில்தான் எழும்பினோம். ஒரு முழு நாள் போய்விட்டது. அதன் பிறகு எங்கள் கணக்கு மாறிவிட்டது: பகலில் போய் இறங்கும் விமானம், முதல் நாளுக்கு விமானநிலையத்திலிருந்து இலேசாகப் போகக்கூடிய நல்ல அறை. இரண்டாம் நாளிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கஞ்சத்தனம் பண்ணலாம்.

மலேசியாவில் எதைப் பார்ப்பது?

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம். எல்லையில் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். நீண்ட வரிசை என்றால் பஸ் காத்து நிற்காமல் போய்விடவும் கூடும், டிக்கட்டையும் பஸ் இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள்.

பத்துமலைக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்து நேரே ரயில், ஒருசில ரிங்கிட். 272 படிகள். கீழே நிற்கும் முருகன் 42.7 மீற்றர். இவர் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட இடம் அது. வெயில் ஏறமுன் போய்விட வேண்டும், பத்து மணிக்குப் பிறகு படி சுடும், குரங்குகளும் துணிந்துவிடும். என்னுடைய வாழைப்பழச் சீப்பு முப்பதாம் படியிலேயே பறிபோனது.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தங்கினோம். அங்கே ஸ்கொட் வீதியில் இருக்கும் கந்தசுவாமி கோயில், மலாயா ரயில்வேயிலும் அரச வேலையிலும் சேரப்போன யாழ்ப்பாணத்தவர்களின் சமூகம் கட்டியது. என் அம்மாவின் பெரியப்பாவும் அந்தக் காலத்தில் "மலாயன் பென்ஷனியர்". அவர் வணங்கிய கோயில் இதுவாகத்தான் இருக்கும் என்று அம்மா தொலைபேசியில் அழுதார். விமானநிலையத்துக்கு அதிவேக ரயில் ஆளுக்கு 55 ரிங்கிட். பஸ்ஸுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும், அவ்வளவுதான்.

பாங்கொக் புதுச்சோடிகளுக்குச் சரிவருமா?

சரிவரும். விமானநிலைய ரயில் நகரத்துக்குள் கொண்டுபோய் விட ஆளுக்கு 45 பாத்துக்கு மேல் போகாது. ஆற்றில் செம்மஞ்சள் கொடி கட்டிய சனப் படகில் ஏறுங்கள், சுற்றுலாப் படகின் விலையில் ஒரு துண்டுதான். அரச மாளிகைக்கு 500 பாத், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே மரியாதையாக உடுத்த ஒருவர் வந்து "இன்று பூட்டு, வேறு இடம் காட்டுகிறேன்" என்பார். பூட்டு இல்லை. அவரோடு போனால் இரத்தினக்கல் கடையிலும் தையல் கடையிலும்தான் இறக்கிவிடுவார்.

சீலோம் வீதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, தமிழர் கட்டியது. உள்ளே தாய்லாந்துச் சனம்தான் கூட. நம்மைவிடப் பக்தியாகக் கும்பிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மரக்கறிதான். வெளிநாட்டில் எப்படி?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கவலையே இல்லை. தாய்லாந்தில் "மரக்கறி" என்று சொன்னாலும் மீன் சோஸ் விழுந்துவிடும். "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள் அந்த வகை, முட்டைகூடச் சேர்க்க மாட்டார்கள். மாலைதீவில்தான் கஷ்டம். கொழும்பிலிருந்து பிஸ்கட்டும் பருத்தித்துறை வடையும் கொண்டுபோய்ச் சமாளித்தோம்.

கட்டுநாயக்க விமானநிலையத்தில் மறித்துக் கேள்வி கேட்பார்களா?

கேட்கலாம், கோபிக்க வேண்டாம். தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் நம் நாட்டு இளையவர்கள் சிக்கிய பிறகு, இளம் வயதினரைக் கூடுதலாக விசாரிக்கிறார்கள். திரும்பும் டிக்கட், அறைப் பதிவு, கையில் உள்ள காசு ஆகியவற்றைக் காட்டத் தயாராக இருந்தால் இரண்டு நிமிட வேலை. எங்களிடம் "கல்யாணம் எப்போது?" என்றும் கேட்டார் ஒரு அலுவலர். இவர் திகதியைத் தப்பாகச் சொன்னார். அலுவலர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். நான் சிரிக்கவில்லை.

காசை எப்படிக் கொண்டு போவது?

டொலராக. மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் மாட்டியிருக்கும் நாணய மாற்றுக் கடையில் வாங்கி, பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். இருவரும் பாதிபாதியாகப் பிரித்து வையுங்கள். வங்கி அட்டையை வெளிநாட்டில் பாவிக்கத் திறந்துவிடும்படி முதலே வங்கிக்குச் சொல்லுங்கள்.

காப்புறுதி?

எடுங்கள். மாலைதீவில் பவளப்பாறை என் காலைக் கிழித்த அன்று அதன் அருமை தெரிந்தது.

இந்தியாவுக்குக் கப்பலில் போகலாமாமே?

போகலாம். நாகபட்டினம் – காங்கேசன்துறைப் படகு 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆவணியில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணித்தியாலம் அளவில். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் ஓடாது. ஆகையால் அந்த மாதங்களில் திரும்பும் திகதியை அலுவலக லீவின் கடைசி நாளில் வைக்காதீர்கள். வீசா இணையத்தில் எடுக்கலாம், ஆனால் எந்தத் துறைமுகத்தால் நுழையலாம் என்பதை முதலே பார்த்துவிட வேண்டும். அங்கே மலிவு லொட்ஜ்கள் சில வெளிநாட்டவரை ஏற்பதில்லை. நம்மை அவர்கள் பொலிஸ் பதிவில் அறிவிக்க வேண்டும், அந்தத் தலையிடி வேண்டாம் என்று "தமிழ்தானே பேசுகிறீர்கள்" என்றபடியே கதவைச் சாத்துவார்கள். முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்த இடத்துக்குப் போங்கள்.

எங்கள் அடுத்த பயணம் இதுதான். இறங்கியதும் வேளாங்கண்ணி, நாகூர், சிக்கல் எல்லாம் கூப்பிடு தூரம். இந்தக் கடைசி வசனத்தை நான் வீட்டில் சத்தமாக வாசித்திருக்கக் கூடாது. சிக்கல் முருகனுக்கு நேர்த்தி ஒன்று பாக்கி இருக்கிறதாம், மாமி பெட்டியை இறக்கித் தூசி தட்டத் தொடங்கிவிட்டார். மூன்று டிக்கட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.